பணக்கார ஊரின் மிச்ச வரி: பள்ளி நிதிச் சட்டங்களில் எது தாக்குப்பிடிக்கிறது?

அமெரிக்காவில் வீடு வாங்கக் கிளம்பும் நம் குடும்பங்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்துவிடுகின்றன. பத்துக்கு ஒன்பது என்றால் வீட்டு விலை ஏறுகிறது. விலை ஏறினால் சொத்து வரி வருமானம் ஏறுகிறது. அந்த வரியில் பெரும்பகுதி அந்த ஊர்ப் பள்ளிகளுக்கே போகிறது. பள்ளி மேம்படுகிறது, விலை இன்னும் ஏறுகிறது. சில மைல் தள்ளி இருக்கும் ஊரில் இதே கதை தலைகீழாக நடக்கிறது.

நாட்டில் ஏறத்தாழ 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. மாவட்டம் என்றதும் பெரிய நிலப்பரப்பை நினைக்க வேண்டாம். பல மாவட்டங்கள் ஒரு சிறு நகரம் அளவுதான். ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகக் குழு உண்டு. பெரும்பாலானவற்றுக்கு வரி போடும் அதிகாரமும் உண்டு. பள்ளிகளுக்கு வரும் பணத்தில் மத்திய அரசின் பங்கு, வழக்கமான ஆண்டுகளில், பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. மீதியை மாநிலமும் உள்ளூரும் கிட்டத்தட்டப் பாதிப் பாதியாகப் போடுகின்றன. உள்ளூர்ப் பணம் என்பது பெரும்பாலும் சொத்து வரிதான்.

இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க மாநிலங்கள் போட்ட சட்டங்களுக்கு ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு ஃபார்முலா. படிக்க உட்கார்ந்தால் தலை சுற்றும். ஆனால் ஒரே ஒரு கேள்வியை வைத்து அவற்றைப் பிரித்துவிடலாம்: பணக்கார ஊரில் தேவைக்கு மேல் வசூலாகும் வரியை என்ன செய்வது? அப்படியே விட்டுவிடலாம். எடுத்துப் பகிரலாம். உள்ளூர் வரியையே ஒழித்துவிட்டு மாநிலமே பணம் தரலாம். அல்லது அதைத் தொடாமல், மாநிலத்தின் புதுப் பணத்தை எல்லாம் ஏழை ஊர்ப் பக்கம் திருப்பலாம். இந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உங்கள் மாநிலத்தில் ஒரு மசோதா வரும்போது அது எந்த ரகம், பத்து வருடம் கழித்து எங்கே போய் நிற்கும் என்று ஓரளவு கணித்துவிடலாம்.

சான் அன்டோனியோ கணக்கு

முதலில் பிரச்சினையின் அளவு. டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். எட்ஜ்வுட்டில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள்; அலமோ ஹைட்ஸ் வசதியான பகுதி. 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அந்தப் பெருநகரப் பகுதியிலேயே அதுதான் அதிக விகிதம். அலமோ ஹைட்ஸ்காரர்கள் கட்டியது 85 சென்ட். மாநிலத் திட்டத்துக்கான பங்கைக் கழித்தது போக எட்ஜ்வுட்டுக்குக் கையில் நின்றது ஒரு மாணவருக்கு 26 டாலர். அலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். அதாவது அதிக விகிதத்தில் வரி கட்டியவருக்கு ஏறத்தாழப் பதின்மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது.

சரி, மாநில அரசு இதை ஈடுகட்டியிருக்கும் என்று நினைப்போம். மாநிலத் திட்டத்திலிருந்து எட்ஜ்வுட் மாணவருக்கு 222 டாலர், அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 225 டாலர்! வசதியான ஊருக்கு மூன்று டாலர் கூடுதல். ஆசிரியர்களின் தகுதியையும் அனுபவத்தையும் பார்த்து மாநிலம் சம்பளப் பணம் தந்தது. அப்படிப்பட்ட ஆசிரியர்கள் எங்கே வேலைக்குப் போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. சமமாகத் தெரியும் ஒரு விதி எப்படிச் சாய்ந்து வேலை செய்யும் என்பதற்கு இந்த மூன்று டாலரை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மத்திய அரசு உதவியையும் சேர்த்த பிறகு மொத்தம்: 356 டாலர், 594 டாலர்.

எட்ஜ்வுட்டில் பிள்ளைகளைப் படிக்கவைத்த டெமெட்ரியோ ரொட்ரிகெஸும் வேறு சில பெற்றோர்களும் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். கல்வி, அமெரிக்க அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று பெரும்பான்மை சொல்லிவிட்டது. நீதிபதி தர்குட் மார்ஷல் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது, ஆனால் சட்டம் அது அல்ல. அன்றோடு மத்திய நீதிமன்றக் கதவு மூடியது. அப்புறம் எல்லாச் சண்டையும் மாநில அரசியலமைப்புகளில் இருக்கும் கல்விப் பிரிவை வைத்துத்தான். அதனால்தான் ஒவ்வொரு மாநிலமும் தனித் தனிப் பாதையில் போயிருக்கிறது. நமக்கு ஒப்பிட்டுப் பார்க்க இத்தனை சோதனைகள் கிடைத்திருக்கின்றன.

மிச்சத்தை விட்டுவிடுவது

மிகப் பரவலான முறை அடித்தளத் தொகை. 1920களில் நியூயார்க்கில் ஜார்ஜ் ஸ்ட்ரேயர், ராபர்ட் ஹெய்க் என்ற இருவர் வகுத்துத் தந்தது. ஒரு மாணவருக்கு இவ்வளவு வேண்டும் என்று மாநிலம் ஒரு தொகையை நிர்ணயிக்கும். எல்லா மாவட்டமும் ஒரே விகிதத்தில் வரி போட்டால் எவ்வளவு வசூலாகும் என்று பார்க்கும். பற்றாக்குறையை மாநிலம் நிரப்பும்.

ஒரு கற்பனைக் கணக்கு. அடித்தளத் தொகை 10,000 டாலர், வரி விகிதம் ஒரு சதவீதம். மாணவர் ஒருவருக்கு இரண்டு லட்சம் டாலர் சொத்து உள்ள ஊரில் 2,000 வசூலாகும். மாநிலம் 8,000 தரும். பன்னிரண்டு லட்சம் உள்ள ஊரில் 12,000 வசூலாகும். மாநிலம் எதுவும் தராது, மிச்சம் 2,000 அந்த ஊருக்கே. வேண்டுமானால் அந்த ஊர் இன்னும் கொஞ்சம் வரி போட்டு 18,000 வரைகூடப் போகலாம். அடித்தளம் என்பது தரைதான், கூரை கிடையாது.

இந்த முறையின் வெற்றிக் கதை என்று மாசசூசெட்ஸைத்தான் காட்டுவார்கள். 1993 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன சில நாளிலேயே கல்விச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. மாநிலம் உண்மையிலேயே பெரும் பணத்தைப் போட்டது. ஆனால் அடித்தளத் தொகையைக் கணக்கிட்ட அனுமானங்கள் பழசாகிக்கொண்டே போயின. ஊழியர்களின் மருத்துவக் காப்பீடும் சிறப்புக் கல்விச் செலவும் ஃபார்முலா நினைத்ததை விட மிக வேகமாக ஏறின. 2015இல் ஒரு சட்டமன்ற ஆய்வுக் குழு இதை எடுத்துச் சொன்னது. வசதியான ஊர்கள் உள்ளூர் வாக்கெடுப்பில் வரியைக் கூட்டி ஈடுகட்டிக்கொண்டன. ஏழை நகரங்கள் ஆசிரியர் பணியிடங்களைக் குறைத்து ஈடுகட்டின. 2019இல் ஏழு ஆண்டுகளில் 150 கோடி டாலர் கூட்டித் தர இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அடித்தளத் தொகை முறை என்றால் 'யார் அந்தத் தொகையைத் திருத்துவது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை' என்பதுதான் சட்டத்தின் உயிர். டெக்சஸ் இதில் இன்னும் மோசம்: 2019இல் அடிப்படைத் தொகையை 6,160 டாலர் ஆக்கியது, விலைவாசி ஏறிய வருடங்கள் எல்லாம் போய் 2025 வரை அது அசையவில்லை.

கென்டக்கி ஒரு கூரையும் போட்டுப் பார்த்தது. 1989இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் நிதி ஏற்பாட்டை மட்டுமல்ல, பள்ளி முறை முழுவதையுமே செல்லாது என்றது. மறு ஆண்டு வந்த சட்டத்தில் அடித்தளத்துக்கு மேல் 15 சதவீதம் வரை ஊர் வரி போட்டால், ஏழை ஊருக்கு மாநிலம் ஈடு தரும். அதற்கும் மேலே இன்னும் 30 சதவீதம் வரை ஊர் தன் சொந்தப் பணத்தில் போகலாம். அத்தோடு நிறுத்த வேண்டும். அடித்தள முறைதான் உங்கள் மாநிலத்துக்கு வாய்க்கும் என்றால் இந்தக் கூரையையும் கேளுங்கள். கிடைப்பது கடினம். கேட்பதில் நஷ்டம் இல்லை.

எடுத்துப் பகிர்வது

கேட்ட மாத்திரத்தில் மிக நியாயமாகத் தோன்றுவது இதுதான். பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு டெக்சஸ் 1993இல் இதைச் சட்டமாக்கியது. வரம்புக்கு மேல் சொத்து மதிப்புள்ள மாவட்டம், கூடுதல் வரியை மாநிலத்துக்குத் தர வேண்டும். 'ராபின் ஹூட் சட்டம்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. எட்ஜ்வுட் போன்ற ஊர்கள் இதனால் உண்மையிலேயே மேலே வந்தன. அதை மறுக்க முடியாது.

கோளாறு வேறு இடத்தில் முளைத்தது. சட்டம் 'பணக்கார' என்பதை மாணவரின் குடும்பத்தை வைத்து அளக்கவில்லை, நிலத்தை வைத்து அளந்தது. ஹூஸ்டன் நகர மாவட்டத்தில் மாணவர்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆனால் நகரத்தில் அலுவலகக் கோபுரங்கள் இருப்பதால் சொத்து மதிப்பு அதிகம். ஆகவே ஹூஸ்டன் 'பணக்கார' மாவட்டமாகி, பணம் கட்ட வேண்டியதாயிற்று. 2016இல் நகர வாக்காளர்கள் கட்ட மாட்டோம் என்று வாக்களித்தார்கள். கட்டாவிட்டால் விலை உயர்ந்த வணிகச் சொத்துகளைப் பிரித்து வேறு மாவட்டத்தோடு சேர்த்துவிடலாம் என்று சட்டத்தில் இருந்தது. மறு ஆண்டு மே மாதம் மறுபடி வாக்கெடுப்பு வைத்துச் சம்மதித்தார்கள். ஆஸ்டின் நகரமும் இப்படிப் பணம் கட்டும் மாவட்டம்தான். மாநிலத்திலேயே மிக அதிகமாகக் கட்டும் மாவட்டம் அதுதான்.

இன்னொரு சங்கதி கொஞ்சம் நுட்பமானது. நிலவிலை ஏற ஏற உள்ளூர் வரியும் பகிர்வுப் பணமும் ஏறின. மாநில அரசு பொதுக் கருவூலத்திலிருந்து போட வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறைந்தது. பகிர்வுப் பணம் ஆண்டுக்கு 200 கோடி டாலரைத் தாண்டியபோதும் ஏழை மாவட்டங்களுக்கு அதே அளவு கூடவில்லை. ஏனென்றால் ஒரு கை உள்ளே வைக்கும்போது இன்னொரு கை வெளியே எடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே உங்கள் மாநில மசோதாவில் பகிர்வு இருந்தால் ஒரு வரியைத் தேடுங்கள்: இந்தப் பணம் மாநிலத்தின் பங்கோடு கூடுதலாகச் சேருமா, அல்லது மாநிலத்தின் பங்குக்குப் பதிலாகவா? பதில் இல்லை என்றால் இரண்டாவதுதான் நடக்கும்.

வெர்மான்ட் இதையே வேறு விதமாகச் செய்தது. 1997இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சில மாதங்களிலேயே, மாநிலம் முழுவதற்கும் பொதுவான சொத்து வரியோடு சட்டமும் வந்தது. பனிச்சறுக்கு விடுதிகள் நிறைந்த ஊர்கள் கொதித்தன. கூடுதல் வரி போட்டால் பாதி வெளியே போய்விடுகிறதே என்று, சில ஊர்களில் வரிக்குப் பதிலாக நன்கொடை வசூலித்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். 2003இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகு ஊர் தன் பட்ஜெட்டைத் தானே முடிவு செய்யும், செலவை மாநிலம் முழுக்கப் பகிரும். சமத்துவத்தில் நாட்டிலேயே மிக முன்னேறிய ஏற்பாடுகளில் ஒன்று. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, வீட்டு மதிப்பை விட்டுவிட்டு வருமானத்தைப் பார்த்து வரி. எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது.

ஆனால் ஒரு ஊர் கூடச் செலவழித்தால் எல்லோர் வரியும் கொஞ்சம் ஏறும் என்றால், சிக்கனமாக இருக்க யாருக்கு ஆர்வம் வரும்? மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போக, செலவு ஏறிக்கொண்டே போனது. 2024இல் பள்ளிக்கான சொத்து வரி சராசரியாக ஏறத்தாழ 14 சதவீதம் உயர்ந்தது. அந்த வசந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்குப் பள்ளி பட்ஜெட்டுகளை வாக்காளர்கள் நிராகரித்தார்கள். 2025இல் வெர்மான்ட் அடித்தளத் தொகை முறைக்கு மாறவும் மாவட்டங்களை இணைக்கவும் வழிசெய்யும் சட்டத்தைப் போட்டுவிட்டது. கால் நூற்றாண்டு தாங்கிய முறை என்றும் சொல்லலாம், கால் நூற்றாண்டில் களைத்துப்போன முறை என்றும் சொல்லலாம்.

மாநிலமே எடுத்துக்கொள்வது

இதன் முழு வடிவம் ஹவாய்: மாநிலம் முழுக்க ஒரே பள்ளி மாவட்டம். சொத்து வரி, கவுண்டி எனப்படும் உள்ளூர் நிர்வாகங்களுக்குப் போகிறது. பள்ளிக்கு மாநிலப் பொதுக் கருவூலம். தீவுக்கூட்டமாகப் பிறந்த வரலாறு வேறு எங்கும் திரும்ப வராது என்பதால் அதை இங்கேயே விடுகிறேன்.

மற்றவர்களுக்கு உதவும் பாடம் மிச்சிகன். 1993 மார்ச்சில் கல்காஸ்கா என்ற சிறு ஊரின் பள்ளிகள், வரி உயர்வை வாக்காளர்கள் மறுபடி மறுபடி நிராகரித்ததால், கல்வியாண்டு முடியும் முன்பே மூடின. நாடு முழுக்கச் செய்தி. அந்த ஜூலையில் சட்டமன்றம் ஒரு துணிச்சலான, கொஞ்சம் பைத்தியக்காரத்தனமான காரியம் செய்தது: பள்ளி நடத்த வாங்கும் உள்ளூர் சொத்து வரியை ஒரேயடியாக ஒழித்தது. மாற்று ஏற்பாடு எதுவும் இல்லாமல்! 1994 மார்ச்சில் வாக்காளர்கள் தேர்ந்தெடுத்த மாற்று, விற்பனை வரியை 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயர்த்துவது. மாநில அளவில் ஒரு சிறு சொத்து வரியும் கூடவே வந்தது.

அடிமட்டத்தில் இருந்த மாவட்டங்கள் வேகமாக மேலே வந்தன. குறைவாக வாங்குவோருக்கு இரண்டு மடங்கு உயர்வு என்ற விதியைப் பல வருடம் பயன்படுத்தி, 2021இல் ஒருவழியாக எல்லா மாவட்டத்துக்கும் ஒரே குறைந்தபட்சத் தொகை, 8,700 டாலர், என்று கொண்டுவந்தார்கள். இருபத்தேழு வருடம் பிடித்தது. ஆனாலும் வந்து சேர்ந்தார்கள்.

விலை என்ன? முதலாவது, பணம் மாணவரின் தலையோடு போகிறது. அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளும் மாவட்டம் தாண்டிச் சேரும் வசதியும் அதே காலத்தில் வந்தன. டெட்ராய்ட் மாவட்டத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருந்த மாணவர்கள் ஐம்பதாயிரம் அளவுக்குச் சுருங்கினார்கள். ஒரு வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகள் போனால் மூன்று பிள்ளைகளின் பணம் போகும், ஆனால் ஆசிரியர் சம்பளமும் வெப்பமூட்டும் செலவும் அப்படியே நிற்கும். 2016இல் மாநிலம் 61.7 கோடி டாலர் போட்டு அந்த மாவட்டத்தை மீட்க வேண்டியிருந்தது. இரண்டாவது, கட்டடச் செலவை இந்தச் சட்டம் தொடவே இல்லை. அது இன்னும் உள்ளூர்க் கடன் பத்திரம்தான். அன்றாடப் பணம் சமமாகியும், கூரை ஒழுகும் பள்ளியும் நீச்சல் குளம் உள்ள பள்ளியும் பக்கத்துப் பக்கத்து ஊரிலேயே இருக்கலாம். மூன்றாவது, விற்பனை வரி பொருளாதார மந்தத்தில் சரியும். சொத்து வரி அவ்வளவு சீக்கிரம் சரியாது.

கலிபோர்னியா வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தது, யாரும் திட்டமிடாமல். 1968-69இல் பால்ட்வின் பார்க் மாவட்டம் மாணவருக்கு 577 டாலர் செலவழித்தபோது பெவர்லி ஹில்ஸ் 1,232 டாலர் செலவழித்தது; வரி விகிதமோ பால்ட்வின் பார்க்கில்தான் இரண்டு மடங்குக்கும் மேல். 1971லும் 1976லும் வந்த தீர்ப்புகள் இதைச் செல்லாது என்றன. 1978இல் வாக்காளர்கள் 13ஆம் முன்மொழிவு மூலம் சொத்து வரியையே ஒரு சதவீதத்துக்குள் பூட்டினார்கள். விளைவு, எல்லோரும் ஓரளவு சமம், ஆனால் தாழ்ந்த இடத்தில் சமம். ஒரு காலத்தில் தேசிய சராசரிக்கு மேலே செலவழித்த மாநிலம் கீழே இறங்கியது. தன் ஊர்ப் பள்ளிக்குப் போகாத வரியை மக்கள் ஏன் ஆதரிக்க வேண்டும் என்பதால்தான் 13ஆம் முன்மொழிவே ஜெயித்தது என்று வில்லியம் ஃபிஷெல் என்ற பொருளாதார அறிஞர் வாதிட்டார். எல்லோரும் ஏற்கவில்லை. எனக்கு அது பாதி உண்மை என்று தோன்றுகிறது. அந்தப் பாதியே பயமுறுத்தப் போதும்.

புதுப் பணத்தைத் திருப்புவது

இலினாய், 2017. அதற்கு முந்தைய நிலைமை கேவலமாக இருந்தது. ஃபார்முலா சொன்ன தொகையில் 90 சதவீதம்போலத்தான் மாநிலம் தந்தது. எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் வெட்டு. சமமான வெட்டுத்தானே? மாநிலப் பணத்தை நம்பியே வாழும் ஏழை ஊருக்கு அந்தப் பத்து சதவீதம் பெரிய அடி. மாநிலப் பணம் கொஞ்சமே வாங்கும் வசதியான ஊருக்கு அது தெரியவே தெரியாது.

புதுச் சட்டம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு போதுமான அளவை நிர்ணயிக்கிறது. வகுப்பு அளவு, ஆலோசகர், செவிலியர், ஆங்கிலம் கற்போருக்கான ஆசிரியர் என்று இருபத்தைந்துக்கு மேற்பட்ட செலவினங்களைக் கூட்டி வரும் எண் அது. மாவட்டம் இப்போது அதில் எத்தனை சதவீதத்தில் இருக்கிறது என்று பார்த்து நான்கு அடுக்காகப் பிரிக்கிறார்கள். ஏற்கனவே வாங்கும் பணம் யாருக்கும் குறையாது. புதிதாக வரும் பணத்தில் மட்டும் 99 சதவீதம் கீழ் இரண்டு அடுக்குகளுக்கு. மூன்றாவது அடுக்குக்கு 0.9 சதவீதம், மேல் அடுக்குக்கு 0.1. ஆண்டுக்குக் குறைந்தது 35 கோடி டாலர் புதுப் பணம் என்பது இலக்கு.

யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை என்பதால்தான் இது நிறைவேறியது. ஆளுநர் குடியரசுக் கட்சி, சட்டமன்றம் ஜனநாயகக் கட்சி. முதல் மசோதாவை ஆளுநர் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார். தனியார் பள்ளி உதவித்தொகைக்கு வரிச் சலுகை என்ற விலையைக் கொடுத்த பிறகு உடன்பாடு வந்தது. அந்தச் சலுகை 2023 முடிவில் காலாவதியாகிவிட்டது; ஃபார்முலா நிற்கிறது. பேரம் என்றால் இப்படிப் பேச வேண்டும்.

குறை, வேகம். 2027க்குள் எல்லா மாவட்டமும் குறைந்தது 90 சதவீதத்தை எட்ட வேண்டும் என்றது சட்டம். ஆண்டுக்கு 35 கோடி என்ற நடையில் அது எட்டாது. பெருந்தொற்று வந்த 2020-21இல் புதுப் பணமே இல்லை. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு 2035இல் கிடைக்கும் நியாயம் எதற்கு என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் கிடையாது.

'யாருக்கும் குறையாது' என்ற வாக்குறுதி தனியாக வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பென்சில்வேனியாவைப் பாருங்கள். 2016இல் நல்ல ஃபார்முலா ஒன்றைச் சட்டமாக்கினார்கள். ஆனால் 2014-15க்குப் பிறகு கூடிய பணத்துக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்றார்கள். கூடிய பணமோ கொஞ்சம். மாணவர்கள் பாதி காலியான மாவட்டங்களும் பழைய தொகையை வாங்கிக்கொண்டிருக்க, வளர்ந்துவரும் ஏழை மாவட்டங்கள் காத்துக்கிடந்தன. 2023 பிப்ரவரியில் மாநில நீதிமன்றம் இந்த ஏற்பாடு அரசியலமைப்புக்கு முரண் என்றது. பற்றாக்குறை 450 கோடி டாலர் என்று கணக்கிட்டு, 2024 பட்ஜெட்டில் சுமார் 50 கோடியை முதல் தவணையாகப் போட்டார்கள். ஒரே யோசனைதான், இலினாயில் ஓடுகிறது, பென்சில்வேனியாவில் வழக்கில் முடிந்தது. வித்தியாசம், ஆண்டுக்கு இவ்வளவு புதுப் பணம் என்ற எண் சட்டத்துக்குள் இருந்ததா இல்லையா என்பது.

எண்ணும் விதம்

நான்கில் எதை எடுத்தாலும் பிள்ளைகளை எப்படி எண்ணுவது என்ற பகுதியில் பாதி நியாயம் ஒளிந்திருக்கிறது. கலிபோர்னியாவும் டெக்சஸும் தினசரி வருகையின் சராசரிக்குப் பணம் தருகின்றன. ஏழைப் பிள்ளைகள் அதிகம் விடுப்பு எடுப்பார்கள்: ஆஸ்துமா, வீடு மாற்றம், பேருந்து இல்லாமை. பள்ளி அந்தப் பிள்ளைக்கும் ஆசிரியரை வைத்திருக்க வேண்டும், ஆனால் பணம் வராது. சேர்க்கை எண்ணிக்கைக்குப் பணம் என்பதே சரி.

அடுத்தது, ஏழை யார்? வெகுகாலமாக மதிய உணவுச் சலுகை விண்ணப்பங்களை எண்ணினார்கள். 2010 சட்டத்தால் ஏழைகள் அதிகமுள்ள பள்ளிகளில் எல்லோருக்கும் இலவச உணவு என்று ஆனதும் விண்ணப்பமே வருவதில்லை. நல்ல காரியம், ஆனால் எண்ணிக்கை குழம்பியது. உணவு உதவி, மருத்துவ உதவிப் பட்டியல்களிலிருந்து நேரடியாக எடுக்கும் முறைக்கு மாநிலங்கள் மாறி வருகின்றன. அந்த உதவிகளுக்கு விண்ணப்பிக்கவே பயப்படும் குடியேறிகளின் பிள்ளைகள் அதில் விடுபடுகிறார்கள்.

ஏழ்மை செறிந்திருக்கும் இடத்துக்குத் தனி எடை தருவதில் கலிபோர்னியாவின் 2013 சட்டம் நல்ல மாதிரி. ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்போர், வளர்ப்பு இல்லங்களில் இருப்போர் ஆகியோருக்கு 20 சதவீதம் கூடுதல். மாவட்டத்தில் அவர்கள் பங்கு 55 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பிள்ளைகளுக்கு இன்னும் 50 சதவீதம். 2021இல் அந்த 50 சதவீதம் 65 ஆனது.

பணம் போட்டால் பலன் வருமா?

1966இல் வந்த கோல்மன் அறிக்கையைக் காட்டி, குடும்பப் பின்னணிதான் முக்கியம், பள்ளிச் செலவு அல்ல என்று இன்றும் சட்டமன்றங்களில் சாட்சி சொல்கிறார்கள். கிராபோ ஜாக்சன், ரக்கர் ஜான்சன், கிளாடியா பெர்சிகோ 2016இல் வெளியிட்ட ஆய்வு, நீதிமன்றத் தீர்ப்புகளால் பணம் கூடிய மாவட்டங்களின் பிள்ளைகளை வளர்ந்த பிறகும் தொடர்ந்து பார்த்தது. பன்னிரண்டு வருடமும் செலவு 10 சதவீதம் கூடினால் வளர்ந்த பிறகு சம்பளம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடியது. ஏழைப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். பன்னிரண்டு வருடமும் என்ற சொல்லை அடிக்கோடிடுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் மத்திய அரசு கொடுத்த சுமார் 19,000 கோடி டாலர் மாதிரி வந்து போகும் பணம் இதற்கு ஈடாகாது.

நான் எதற்கு வாக்களிப்பேன்

பெரும்பாலான மாநிலங்களுக்கு, இலினாய் வழிக்கு. மெதுவானது என்று தெரிந்தேதான். பகிர்வுச் சட்டங்கள் முதல் வருடம் அதிக நியாயம் செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு தேர்தலிலும் தோற்ற ஊர்களின் பட்டியல் ஒன்றைக் கூடவே சுமக்கின்றன.

ஆனால் மூன்று திருத்தங்கள் இல்லாமல் அதற்கும் கை தூக்க மாட்டேன். புதுப் பணத்தின் குறைந்தபட்சத் தொகை சட்டத்தில் இருக்க வேண்டும், விலைவாசியோடு ஏற வேண்டும். நெருக்கடியில் வெட்டு வந்தால் மேல் அடுக்கிலிருந்து தொடங்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்ற பழைய அநியாயம் திரும்பக் கூடாது. மாணவர் குறைந்துகொண்டே போகும் மாவட்டத்துக்கான பாதுகாப்பு ஐந்தாறு வருடத்தில் படிப்படியாகக் கரைய வேண்டும்.

புதுப் பணம் எங்கிருந்து வரும்? இங்கே மின்னசோட்டாவின் 1971 சட்டத்தை எடுத்துக்கொள்வேன். மினியாபொலிஸ், செயின்ட் பால் நகரங்களைச் சுற்றியுள்ள ஏழு கவுண்டிகளில், வணிக, தொழிற்சாலைச் சொத்தின் வரி மதிப்பு அதன் பிறகு எவ்வளவு வளர்கிறதோ அதில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. வீடுகளைத் தொடுவதில்லை. ஏற்கனவே இருந்த மதிப்பையும் தொடுவதில்லை; இனிமேல் வருவதில் ஒரு பங்கு, அவ்வளவுதான். ஷாப்பிங் மால் எந்த ஊர் எல்லையில் வந்தது என்பது பெரும்பாலும் தற்செயல். அங்கே கடைக்கு வருகிறவர்கள் சுற்றியுள்ள எல்லா ஊரிலிருந்தும் வருகிறார்கள். அரை நூற்றாண்டாக எதிர்ப்பைத் தாண்டி ஓடுகிறது. பள்ளிக்கென்றே உருவாக்கிய சட்டம் அல்ல, நகரம், கவுண்டி, பள்ளி எல்லா வரிக்கும் பொதுவானது. அதனாலேயே பள்ளி நிதி விவாதங்களில் அதிகம் பேர் இதைக் குறிப்பிடுவதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. ஏழை மாவட்டங்கள் இப்போதே பள்ளியை மூடும் நிலையில் இருந்தால் மெதுவான வழிக்கு நேரமில்லை. அங்கே மிச்சிகன் செய்ததுதான் சரி, ஆனால் மாற்று வரியை முதலில் முடிவு செய்துவிட்டு, கட்டடச் செலவையும் உள்ளே இழுத்துக்கொண்டு. நியூ ஜெர்சியில் 1976 ஜூலையில் நீதிமன்றம் பள்ளிகள் எதுவும் செலவு செய்யக் கூடாது என்று பூட்டுப் போட்ட பிறகுதான், சில நாட்களுக்குள், அந்த மாநிலத்துக்கு வருமான வரி என்ற ஒன்றே வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் 2015 ஆகஸ்டிலிருந்து நீதிமன்றம் தினமும் ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டும் சட்டமன்றம் முழுப் பணத்தை ஒதுக்க 2018 வரை ஆனது. நெருக்கடிக்காகக் காத்திருக்கும் சட்டமன்றத்திடம் எந்த ஃபார்முலாவைக் கொடுத்தாலும் நெருக்கடி வரும்வரை காத்திருக்கும். ஆகவே பொது விசாரணையில் பேச உங்களுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால், எடைகளையும் சதவீதங்களையும் பற்றிப் பேசாமல், பணத்தின் மூலத்தை இதே மசோதாவில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.